சிக்னல் இல்லாதபோது மட்டும் வந்த பிழை: இரு சிப்களுக்கு இடையிலான பேரலல் பஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அளவீட்டுக் கருவி ஒன்றின் மையப் பலகையில் நடந்த நிகழ்வு இது. கருவியில் எட்டு அனலாக் சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றும் வினாடிக்கு 12.5 கோடி முறை, 16 பிட் எண்ணாக மாற்றப்படுகிறது. அந்த எண்களைச் சேகரிக்க ஓர் எஃப்.பி.ஜி.ஏ. சிப் (உள்சுற்றை நிரல் ஏற்றி மாற்றக்கூடிய சிப்), அவற்றை வைத்துக் கட்டுப்பாட்டுக் கணக்குகளைச் செய்ய இன்னொன்று. இரண்டும் பலகையில் சுமார் 9 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தன. நடுவே 32 தரவுக் கம்பிகள் கொண்ட பேரலல் பஸ், அதாவது பிட்டுகளை ஒரே நேரத்தில் பல கம்பிகளில் அனுப்பும் இணைப்பு.

கம்பிகள் 16, 16 ஆக இரண்டு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் தனி ஸ்ட்ரோப் கம்பி உண்டு; தரவை எந்தக் கணத்தில் படிக்க வேண்டும் என்று அது சொல்லும். அனுப்பும் சிப்பே தரவோடு சேர்த்து அதையும் அனுப்பும். ஸ்ட்ரோப்பின் வேகம் 250 மெகாஹெர்ட்ஸ். ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டிலும் தரவு எடுக்கப்படுவதால் ஒரு கம்பியில் வினாடிக்கு 50 கோடி பிட் ஓடும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2 நானோவினாடி. நான்கு சேனல்களின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொகுதியில் செல்லும். இரு தொகுதிகளும் சேர்ந்து வினாடிக்கு 16 கிகாபிட். மின்னழுத்தம் 1.8 வோல்ட், பெறும் முனையில் ஒவ்வொரு கம்பியும் 50 ஓம் மின்தடை வழியாக 0.9 வோல்ட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. தொகுதிக்கு ஓர் உதிரிக் கம்பியும் பலகையில் வரையப்பட்டிருந்தது. அதற்கு எந்த வேலையும் தரப்படவில்லை.

ஏன் பேரலல் பஸ்

வடிவமைப்பு ஆய்வுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது நியாயமே. கணினியில் கூடுதல் அட்டைகளை இணைக்க 1992-இல் 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் என்று வந்த பிசிஐ என்ற பேரலல் பஸ்ஸின் இடத்தை, 2003-இல் வெளியான பிசிஐ எக்ஸ்பிரஸ் பிடித்துக்கொண்டது; அது பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் இணைப்பு. வட்டு இணைப்புகளிலும் அதே கதைதான். வேகம் கூடக்கூட, பல கம்பிகளை ஒன்றாக நடத்திச் செல்வதைவிடச் சில கம்பிகளை மிக வேகமாக ஓட்டுவது எளிது என்பது தொழிலின் பொது அனுபவம்.

ஆனால் சீரியல் இணைப்புக்கு ஒரு விலை உண்டு. குறியாக்கம், பிட்டுகளை வரிசையாக்கல், மறுமுனையில் கிளாக்கை மீட்டல், எல்லைகளைக் கண்டுபிடித்தல், இடைச் சேமிப்பு என்று எல்லாம் சேர்ந்து தாமதம் பெரும்பாலும் 100 நானோவினாடியைத் தாண்டிவிடும். இந்தக் கருவியின் கட்டுப்பாட்டு வளையத்துக்கு அவ்வளவு தாமதம் தாங்காது. பேரலல் பஸ்ஸில் அது பதினைந்து நானோவினாடிக்குள் முடிந்தது. நினைவகச் சிப்கள் இன்றும் பேரலல் பஸ்ஸை விடாததற்கும், 1,024 பிட் அகலத்துடன் எச்.பி.எம். நினைவகம் வந்ததற்கும், சிப்லெட்டுகளை (ஒரே உறைக்குள் சேரும் சிறு சிப்களை) இணைக்க 2022-இல் வெளியான யு.சி.ஐ.இ. தரம் கிளாக்கைத் தரவோடு சேர்த்தே அனுப்புவதற்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. ஆகவே தேர்வில் தவறில்லை. பின்னால் வந்த சிக்கலைக் காட்டி, ‘சீரியலுக்குப் போயிருக்கலாம்’ என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

பலகை தேறிய விதம்

முதல் பலகைகள் வந்ததும் பஸ்ஸைச் சோதிக்க பி.ஆர்.பி.எஸ்-7 வரிசை பயன்படுத்தப்பட்டது. 7 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலிருந்து பிறக்கும் போலித் தற்செயல் வரிசை அது. 127 பிட்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். எல்லாக் கம்பிகளிலும் ஒரே வரிசை ஓடாமலிருக்க, ஒவ்வொரு கம்பிக்கும் முந்தைய கம்பியைவிட ஒரு பிட் நகர்த்தித் தரப்பட்டது. பல சோதனைக் கட்டமைப்புகளில் காணப்படும் எளிய வழி இது.

சோதனை 72 மணி நேரம் ஓடியது. வெப்ப அறையில் கருவியின் மேல் வெப்ப எல்லையிலும் ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. ஏறத்தாழ 130 லட்சம் கோடி எண்கள் பிழையின்றிக் கடந்தன என்று அறிக்கையில் எழுதப்பட்டது. எண்ணிக்கை சரிதான்.

முதல் புகார்

கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களில் ஒருவர், உள்ளீடு எதையும் இணைக்காமல் பின்னணி இரைச்சலை மட்டும் அளந்துகொண்டிருந்தார். மூன்று, நான்கு எண்ணலகு அளவிலான இரைச்சலுக்கு நடுவே எப்போதாவது ஒரு கூர்முனை தெரிந்தது. எல்லாக் கூர்முனைகளின் உயரமும் ஒன்றுதான்: 4096. ஒரே ஒரு மாதிரியில் தோன்றி மறைந்தது. நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு.

அவர் சிக்னலை இணைத்ததும் கூர்முனைகள் நின்றன. துண்டித்ததும் திரும்ப வந்தன.

இந்த வரிசைதான் குழுவை முதலில் திசை திருப்பியது. சிக்னல் பெரிதாக இருக்கும்போது பிழை வந்தால் எவரும் பஸ்ஸைச் சந்தேகிப்பார்கள். சிக்னலே இல்லாதபோது பிழை வந்தால் கண் போவது அனலாக் பக்கம். தொங்கும் உள்ளீடு வெளியிலிருந்து எதையோ வாங்குகிறது என்று முதலில் கருதப்பட்டது. உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்த பிறகும் பிழை மாறாமல் நின்றதும் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. அடுத்து, அனலாக்கை எண்ணாக்கும் மாற்றிச் சிப்களுக்குப் பதில் புதியவை வைக்கப்பட்டன. பயனில்லை.

பதிவுகள் சொன்னவை

திருப்பம் ஆய்வகத்துக் கருவிகளிலிருந்து வரவில்லை. பதிவான எண்களை உட்கார்ந்து படித்ததிலிருந்து வந்தது. சோதனைப் பொறியாளர் ஒருவர் அனுப்பும் சிப்புக்குள்ளும் பெறும் சிப்புக்குள்ளும் ஒரே நேரத்தில் பதிவு எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார். அனுப்பும் பக்கம் எண்கள் ஒழுங்காக இருந்தன. கூர்முனை பெறும் பக்கத்தில் மட்டுமே. ஆக, தவறு நடுவில்.

4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. எல்லாப் பிழைகளும் இரண்டாம் தொகுதியின் 12-ஆம் பிட்டில். அவர் அதோடு நிற்காமல் பிழையான எண்ணுக்கு முன்னால் பஸ்ஸில் சென்ற எண்ணையும் பின்னால் வந்த எண்ணையும் பட்டியலிட்டார். பக்கத்து எண்கள் வேறு சேனல்களுடையவை என்பதால் அதுவரை யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. மூன்று செய்திகள் தெளிவாயின.

ஒன்று, பிழை நடந்த ஒவ்வொரு முறையும் 12-ஆம் பிட் மாறியிருக்க வேண்டிய தருணம் அது. மாறாமல் பழைய மதிப்பிலேயே பிடிக்கப்பட்டிருந்தது. அசையாமல் இருக்க வேண்டிய பிட் தவறாக அசைந்ததாக ஒரு பதிவும் இல்லை.

இரண்டு, அடுத்த எண்ணின் 12-ஆம் பிட்டும் சரியான மதிப்பிலேயே இருந்த வேளைகளிலும் பிழை வந்தது. ஆகவே அடுத்த எண் முந்திக்கொண்டு வந்து கெடுக்கவில்லை. பிட் தாமதமாக வருகிறது. தொழில் வழக்கில் சொன்னால் இது செட்டப் நேரக் குறை (ஸ்ட்ரோப்புக்கு முன் பிட் போதிய நேரம் நிலைத்திருக்காதது); ஹோல்ட் நேரக் குறை (ஸ்ட்ரோப்புக்குப் பின் போதிய நேரம் நிலைக்காதது) அன்று.

மூன்றாவதுதான் முக்கியமானது. பிழை நடந்த எல்லா வேளைகளிலும் முந்தைய எண் ஒரு குறியிலும் இந்த எண் எதிர்க்குறியிலும் இருந்தன.

எதிர்ம எண்கள் இங்கே 2-இன் நிரப்பி முறையில் எழுதப்படுகின்றன. அதில் சுழியம் என்றால் பதினாறு பிட்டும் 0; கழித்தல் 1 என்றால் பதினாறும் 1. சிக்னல் இல்லாத சேனல்களின் எண்கள் சுழியத்தைச் சுற்றியே ஆடும்: கூட்டல் 2, கழித்தல் 3, கூட்டல் 1 என்று. குறி மாறும் ஒவ்வொரு முறையும் மேலுள்ள பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிட்டுகள் ஒரே கணத்தில் ஒரே திசையில் புரளும். நான்கு சேனல்களின் இரைச்சலுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆதலால் அடுத்தடுத்த எண்களில் ஏறத்தாழப் பாதி இடங்களில் குறி மாறும். வினாடிக்கு சுமார் 25 கோடி முறை. சிக்னல் பெரிதாக இருக்கும்போது பிட்டுகள் கலந்து மாறும். சில ஏறும், சில இறங்கும், சில அசையாது.

மின்சுற்றின் கண்ணில், அமைதியான உள்ளீடுதான் இந்தப் பஸ்ஸுக்குக் கிடைக்கக்கூடிய மிகக் கடுமையான தரவு.

சோதனை ஏன் இதைக் காணவில்லை

இந்தக் கேள்விக்கான விடை மொத்த நிகழ்விலும் எனக்கு மிகவும் பயன்பட்டது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு கம்பியும் முந்தைய கம்பியைவிட ஒரு பிட் தள்ளிய அதே வரிசையைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கணத்திலும் 16 கம்பிகளில் தெரிவது அந்த வரிசையின் அடுத்தடுத்த 16 பிட்டுகள். அடுத்த கணத்தில் அந்தச் சாளரம் ஓரிடம் நகரும். பி.ஆர்.பி.எஸ்-7 வரிசையில் தொடர்ச்சியாக ஏழுக்கு மேல் 1 வராது. ஆகவே பதினாறு கம்பியும் 1 ஆக இருக்கும் கணம் என்று ஒன்று அந்தச் சோதனையில் கிடையாது. வரிசை 127 பிட்டில் மீள்வதால், 65,536 சாத்தியங்களில் 127 மட்டுமே பஸ்ஸில் தோன்றின. 72 மணி நேரத்தில் அந்த 127 எண்களே லட்சம் கோடி முறை திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன.

இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. சாளரம் ஓரிடம் நகரும்போது ஏறும் கம்பிகளின் எண்ணிக்கையிலிருந்து இறங்கும் கம்பிகளின் எண்ணிக்கையைக் கழித்துப் பாருங்கள். நடுவிலுள்ள பிட்டுகள் எல்லாம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். புதிதாக நுழைந்த பிட்டுக்கும் வெளியேறிய பிட்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே மிஞ்சும். அது ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது. எட்டுப் பேர் இடப்பக்கமும் எட்டுப் பேர் வலப்பக்கமும் கயிறு இழுத்தால் கயிறு நகராது அல்லவா, அந்த நிலை. எத்தனை கம்பி அசைந்தாலும் மின்வழங்கலிலும் கிரவுண்டிலும் நிகர அதிர்ச்சி ஒரு கம்பி அளவே. இதைவிட மென்மையாகப் பஸ்ஸை நடத்த ஒருவர் திட்டமிட்டே முயன்றாலும் முடியாது.

அந்தச் சோதனை ஒவ்வொரு கம்பியையும் நன்றாகத்தான் சோதித்தது. பதினாறு கம்பிகள் சேர்ந்து செய்யும் காரியத்தை மட்டும் சோதிக்கவில்லை.

அளந்தது

கருதுகோளை நிறுவ இரண்டு அளவீடுகள் செய்யப்பட்டன. இரண்டும் பழைய முறைகளே; ஆசிலாஸ்கோப்பும் நல்ல ப்ரோபும் இருந்தால் போதும்.

முதலாவதில், ஒரு கம்பியை 0-விலேயே நிறுத்திவைத்து மற்ற எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டினார்கள். அசையாமல் இருக்க வேண்டிய கம்பியில், பெறும் முனையில் சுமார் 0.2 வோல்ட் மேடு தெரிந்தது. கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. கம்பி ஒன்றில் மின்னோட்டம் சுமார் 16 மில்லியாம்பியர் மாறுகிறது. 16 கம்பி சேர்ந்தால் கால் ஆம்பியர். அது அரை நானோவினாடிக்குள் மாறும்போது, சிப்பின் கிரவுண்ட் முனைகள் வழியே அரை நானோஹென்ரி மின்தூண்டல் இருந்தாலே கால் வோல்ட் எழும். சிப்புக்குள்ளிருக்கும் கிரவுண்டும் பலகையின் கிரவுண்டும் அந்தக் கணத்தில் ஒன்றல்ல. கிரவுண்ட் பவுன்ஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவதில், 12-ஆம் பிட்டைத் தனியாகப் புரட்டியபோது அதன் விளிம்பு எப்போது வருகிறது, எல்லாவற்றோடும் சேர்த்துப் புரட்டியபோது எப்போது வருகிறது என்று ஒப்பிட்டார்கள். சேர்ந்து புரளும்போது 240 பிகோவினாடி தாமதம் (ஆயிரம் பிகோவினாடி ஒரு நானோவினாடி). கம்பிகளை ஓட்டும் வெளியீட்டுச் சுற்றுகளான எல்லா ஓட்டிகளும் ஒரே மெல்லிய வழியில் மின்னோட்டம் கேட்பதால் ஒவ்வொன்றின் விளிம்பும் பின்தள்ளப்படுகிறது. முதல் தொகுதியில் இது 140 பிகோவினாடி மட்டுமே. இரண்டாம் தொகுதியின் முனைகள் சிப்பின் ஒரு மூலையில் நெருங்கியிருந்தன. அங்கே கிரவுண்ட் முனைகள் குறைவு. அத்தொகுதியில் ஆறு தடங்கள் நடுவழியில் பலகையின் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. மாறும் இடத்தில் திரும்பி வரும் மின்னோட்டத்துக்கென்று கிரவுண்ட் துளை (அடுக்குகளின் கிரவுண்டை இணைக்கும் துளை) எதுவும் போடப்பட்டிருக்கவில்லை.

இப்போது நேரக் கணக்கு. ஸ்ட்ரோப் பிட்டின் நடுவில் வருவதால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 1,000 பிகோவினாடி. அதில் அனுப்பும் சிப்பின் வெளியீட்டு வேறுபாடு 150, கிளாக்கின் இரு பாதிகளின் சமனின்மை 75, கிளாக் நடுக்கம் 80, பலகைத் தடங்களின் நீள வேறுபாடு 25, பெறும் சிப் கேட்கும் இடம் 280, பக்கத்துக் கம்பிகளின் தாக்கமும் முந்தைய பிட்டின் எச்சமும் சேர்த்து 120. கூட்டினால் 730. மீதி 270. வடிவமைப்பு ஆவணத்தில் இந்தக் கணக்கு இப்படியே இருந்தது. 270 என்பது வசதியான மீதிதான்.

ஆவணத்தில் இல்லாதவை இரண்டு. பலகையில் தடங்களின் நீளத்தை மிகக் கவனமாகச் சமப்படுத்தியிருந்தார்கள். சிப் பேக்கேஜுக்குள் (சிப்பின் உறைக்குள்) ஓடும் கம்பிகளின் நீளத்தைச் சேர்க்கவில்லை. இரு சிப்களின் பேக்கேஜும் சேர்ந்து 12-ஆம் பிட்டை 110 பிகோவினாடி பின்தள்ளின. பலகையில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 7 பிகோவினாடி என்று வைத்தால், அந்தக் கம்பிக்கு மட்டும் 16 மில்லிமீட்டர் தடத்தைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சமப்படுத்திய உழைப்புக்கு அருகில் இதை வைத்துப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது, ஒன்றாகப் புரள்வதால் வரும் 240. இரண்டையும் கழித்தால் மீதி, கழித்தல் 80.

எல்லாக் கேடும் ஒரே கணத்தில் சேர்ந்தால் வரும் எண் அது. அப்படி அரிதாகவே சேரும். வினாடிக்கு 25 கோடி வாய்ப்பில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு பிழை என்பது அதனோடு ஒத்துப்போகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பலகையை மாற்றுவது உடனடியாக இயலாது. கருவிகள் பயன்பாட்டில் இருந்தன. சிப்களுக்குள் ஏற்றும் நிரலை மாற்றி என்ன செய்ய முடியும் என்பதே கேள்வியாக இருந்தது. பஸ்ஸின் இரு முனையிலும் எஃப்.பி.ஜி.ஏ. இருந்தது நல்வாய்ப்பு. ஒரு முனையில் மாற்ற முடியாத சிப் இருந்திருந்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

முதலில் ஒருவர் சிப்பின் அடியில் மேலும் மின்தேக்கிகளைச் சேர்த்துப் பார்த்தார். 240 சற்றும் குறையவில்லை. தடை இருப்பது பேக்கேஜுக்குள்ளும் அதன் முனைகளிலும். பலகையில் வைக்கும் மின்தேக்கி அந்தத் தடைக்கு வெளியே நிற்கிறது. அரை நானோவினாடிக்குள் அதனால் உள்ளே உதவ முடியாது. இந்த முயற்சி பல இடங்களில் அனிச்சையாகச் செய்யப்படுவதால் இங்கே பதிகிறேன்.

அடுத்தது பெறும் சிப்பின் தாமதப் படிகள். உள்ளீட்டு முனை ஒவ்வொன்றிலும் சுமார் 78 பிகோவினாடி அளவுள்ள படிகளில் தாமதம் கூட்டும் வசதி இருந்தது. ஸ்ட்ரோப்பையும் மற்ற 15 கம்பிகளையும் ஒரு படி தாமதப்படுத்தி, பின்தங்கிய 12-ஆம் பிட்டோடு சேர்த்தார்கள். கழித்தல் 80 என்பது கழித்தல் 2 ஆனது. பிழைகள் நாளுக்கு ஓரிரண்டாகக் குறைந்தன. இந்த இடத்தில் ஒரு தரப்பு இதோடு வெளியிட்டுவிடலாம் என்றது. மறுதரப்பு, நாளுக்கு ஒரு பிழை என்பது தீராத பிழை, கண்டுபிடிக்கக் கடினமான பிழை மட்டுமே என்று மறுத்தது. வெளியிடாமல் காத்திருந்தது சரியான முடிவு.

பிறகு ஓட்டிகளின் விளிம்பு வேகம் குறைக்கப்பட்டது. 240 பிகோவினாடி தாமதம் 150 ஆக இறங்கியது. விளிம்பு மந்தமானதால் முந்தைய பிட்டின் எச்சம் 40 கூடியது. நிகர ஆதாயம் 50. மீதி இப்போது 48.

அடுத்து, மின் இணைப்புக் கொடுத்ததும் பஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பயிற்சி சேர்க்கப்பட்டது. நினைவகப் பஸ்களில் இது நீண்டகாலப் பழக்கம். பெறும் சிப் தாமதத்தைப் படிப்படியாக நகர்த்தி, தரவு சரியாகப் படிக்கப்படும் இடைவெளியின் இரு ஓரங்களையும் கண்டு நடுவில் நிற்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்றாகப் புரள்வதால் வரும் தாமதம் இடைவெளியின் ஒரு பக்கத்தை மட்டுமே சுருக்கும். மென்மையான தரவை வைத்துப் பயிற்சி செய்தால் பஸ் தவறான நடுவைக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே எல்லாக் கம்பிகளும் ஒன்றாகப் புரளும் தரவே பயிற்சிக்கு வைக்கப்பட்டது. ஸ்ட்ரோப் இன்னொரு படி பின்னே நகர்ந்தது. மீதி 126.

கடைசியாக, கடுமையான தரவு வருவதையே குறைக்க முடியுமா என்று பார்த்தார்கள். விவாதம் அதிகம் நடந்தது இதில்தான். எண்ணை ஆஃப்செட் பைனரி முறைக்கு (சுழியத்தை எண் வரம்பின் நடுவில் வைக்கும் முறைக்கு) மாற்றலாம் என்பது முதல் யோசனை. அதில் நடுப்புள்ளியைக் கடக்கும்போதும் பதினாறு பிட்டும் புரளும், ஒன்று ஒரு திசையில், பதினைந்து எதிர்த்திசையில். எனவே பயனில்லை. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் கிரே குறியீடு நல்ல யோசனை. சுழியத்தைச் சுற்றி ஆடும் எண்களில் மிகச் சில பிட்டுகளே மாறும். ஆனால் வழியில் ஒரு பிட் கெட்டால், குறிநீக்கத்தில் அதற்குக் கீழுள்ள எல்லாப் பிட்டும் தலைகீழாகும். ‘எப்போதும் 4096’ என்ற தடயம்தான் இந்தக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது. அதை இழக்கக் குழு விரும்பவில்லை. குறிநீக்கத்துக்கு ஒரு கிளாக் கூடுதல் தாமதமும் தேவைப்பட்டது.

டிடிஆர்4 நினைவகத்தில் இருப்பதுபோல் தரவைத் தலைகீழாக்கும் கம்பி ஒன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. பாதிக்கு மேல் கம்பிகள் மாறவிருந்தால் எல்லாவற்றையும் தலைகீழாக அனுப்பி, உதிரிக் கம்பியில் அதைத் தெரிவிப்பது. அப்போது 17 கம்பிகளில் எட்டுக்கு மேல் ஒரே கணத்தில் மாறாது. எந்தத் தரவுக்கும் இந்த உறுதி செல்லும். ஆனால் எத்தனை கம்பி மாறப்போகிறது என்று எண்ணிப் பார்க்க இந்த வேகத்தில் இரண்டு கிளாக் வேண்டும். உதிரிக் கம்பியும் ஒன்றுதான் இருந்தது. அதைப் பாரிட்டி பிட்டுக்கு (1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சொல்லிப் பிழையைக் காட்டும் பிட்டுக்கு) பயன்படுத்த வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உறுதியாக இருந்தார்கள். பிழை வந்தால் கருவியே அறிந்து எண்ணிச் சொல்ல வேண்டும், அடுத்த முறை பயனர் வந்து சொல்லக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

முடிவில் தேர்ந்தது மிக எளியது. 16 கம்பிகளில் எட்டை மட்டும் நிரந்தரமாகத் தலைகீழாக அனுப்புவது. பெறும் முனையில் திரும்பப் புரட்டுவது. சில அனலாக்-டிஜிட்டல் மாற்றிச் சிப்களின் வெளியீட்டிலேயே இந்த வசதி உண்டு. குறி மாறும்போது இப்போதும் அத்தனை கம்பிகளும் அசையும். ஆனால் ஏறத்தாழப் பாதி ஏறும், பாதி இறங்கும். கூடுதல் தாமதம் சுழியம், கூடுதல் கம்பி சுழியம். எந்த எட்டு என்பதைப் பிட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் முனைகளின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்: ஒரே கிரவுண்ட் முனையைப் பகிரும் அண்டை முனைகளில் ஒன்று நேர், ஒன்று தலைகீழ். ஏற்ற இறக்கம் சிப்பின் ஒட்டுமொத்தத்தில் சமமாவது போதாது. அந்தந்த மூலையில் சமமாக வேண்டும்.

இதன் குறை வெளிப்படையானது. கடுமையான தரவு ஒழிந்துவிடவில்லை. வேறோர் அணிக்கு, அதாவது பிட்டுகளின் வேறொரு சேர்க்கைக்கு, இடம் மாறியது. அந்த அணி உண்மையான அளவீடுகளில் தொடர்ந்து வராது என்பதைப் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். வந்தாலும் 126 பிகோவினாடி மீதி இருக்கிறது. இரண்டு காப்புகளில் ஒன்று போதாதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். செலவே இல்லாத காப்பை மறுக்கக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

விளைவு

மாற்றிய நிரலுடன் ஐந்து கருவிகள் வெப்ப அறையில், உள்ளீடு இல்லாமல், ஒரு வாரம் ஓடின. பாரிட்டி எண்ணி சுழியத்திலேயே நின்றது. எட்டுக் கம்பிகளைத் தலைகீழாக்குவதை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டும் தரவையும் ஓட்டினார்கள். அதிலும் பிழை இல்லை. தாமதப் படிகளைக் கையால் நகர்த்தி எந்தப் படியில் பிழை தொடங்குகிறது என்றும் பார்த்தார்கள். கணக்கில் வந்த மீதியும் அதுவும் ஒரு படிக்குள் பொருந்தின. பயன்பாட்டிலிருந்த கருவிகளுக்குப் புதிய நிரல் அனுப்பப்பட்டது. கூர்முனைப் புகார் அதன்பின் வரவில்லை.

இனி மாறுவது

நேரக் கணக்கு ஆவணத்தில் ‘ஒன்றாகப் புரள்வதால் தாமதம்’ என்று தனி வரி வந்துவிட்டது. அதை ஊகித்து நிரப்பக் கூடாது. முந்தைய பலகையில் அளந்ததையோ உருவகக் கணக்கில் வந்ததையோ எழுத வேண்டும். தடங்களின் நீளத்தைச் சமப்படுத்தும்போது பேக்கேஜ் தாமதங்கள் அடங்கிய கோப்பைச் சேர்க்காமல் பலகை வரைபடம் ஏற்கப்படாது.

பெரிய மாற்றம் சோதனையில்தான். இப்போது ஒரு பேரலல் பஸ் தேற வேண்டுமானால் எல்லாக் கம்பிகளும் ஒன்றாகப் புரளும் அணியைத் தாங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் முறைவைத்துத் தனிமைப்படுத்தி, அது அசையாமல் நிற்க மற்றவை புரளும் அணியும், அது எதிர்த்திசையில் புரளும் அணியும் ஓடும். தற்செயல் வரிசைக்கு பி.ஆர்.பி.எஸ்-31 பயன்படுகிறது. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பிட் நகர்வு இல்லை. வரிசையில் வெகுதொலைவிலுள்ள இடங்களிலிருந்து ஒவ்வொன்றும் தொடங்கும். தற்செயல் வரிசையை மட்டும் நம்பினால் போதாது. 15 கம்பிகளும் ஒரே கணத்தில் ஏறுவதற்கான வாய்ப்பு, உண்மையான தற்செயலில், நூறு கோடியில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இந்தப் பஸ்ஸின் வேகத்தில் இரண்டு வினாடிக்கு ஒருமுறை. அமைதியான உள்ளீட்டிலோ பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கம்பிகள் வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒன்றாகப் புரளும். கடைசியாக, உண்மையான கருவியில் பதிவான தரவை, அமைதியான உள்ளீடு உட்பட, திரும்ப ஓட்ட வேண்டும்.

பலகையின் இரண்டாம் பதிப்பில் இரண்டாம் தொகுதியின் முனைகள் மூலையிலிருந்து பிரித்து இரண்டு பேங்குகளில் (சிப்பின் முனைத் தொகுதிகளில்) பரப்பப்பட்டன. பயன்படாத முனைகள் கிரவுண்டோடு இணைக்கப்பட்டன. அடுக்கு மாறும் இடங்களில் கிரவுண்ட் துளைகள் போடப்பட்டன. ஒன்றாகப் புரளும்போது வரும் தாமதம், விளிம்பு வேகத்தைக் குறைக்காமலே, 90 பிகோவினாடியாக இறங்கியது. இனி எட்டுக் கம்பிகளைத் தலைகீழாக்கும் ஏற்பாடு தேவையா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. கணக்கின்படி தேவையில்லை. ஆனால் பழைய பலகைகளும் புதியவையும் ஒரே நிரலில் ஓட வேண்டியிருப்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.